கரி படிந்த சுவர்: துடைப்பதா, கழுவுவதா, மேலே பூசி மறைப்பதா?

குளிர் காலம் முழுக்கச் சிம்னி எரியும்போது யாரும் சுவரைப் பார்ப்பதில்லை. நெருப்பைத்தான் பார்க்கிறோம். பிப்ரவரி முடிந்து, பகலில் ஜன்னலைத் திறந்து வைக்கும் அளவுக்கு வெயில் வந்த பிறகுதான், நெருப்புக்கு மேலே விசிறி மாதிரி விரிந்திருக்கும் கறுப்பு கண்ணில் படுகிறது. (கோத்தகிரியில் எங்கள் தெருவில் கணப்பு என்று யாரும் சொல்வதில்லை. நெருப்பு எரியும் கூண்டு, மேலே போகும் குழாய், கூரைக்கு வெளியே நிற்கும் செங்கல் தூண், மூன்றுமே சிம்னிதான்.)

இந்த வருடம் மூன்று பேர் ஒரே கேள்வியோடு வந்தார்கள். ஊட்டியில் வாடகைக்கு இருக்கும் ஒரு தம்பி. கேஸ் அடுப்புக்கு மேலே கூரை கறுத்துவிட்டது, அடுத்த மாதம் வீட்டைக் காலி செய்கிறார், அட்வான்ஸ் முழுதாகத் திரும்ப வேண்டும். குன்னூருக்குக் கீழே பழைய கல் வீட்டில் இருக்கும் ஒரு பெரியம்மா. வரவேற்பறைச் சிம்னிச் சுவரில் பழுப்புக் கறை, நான்கு முறை பெயிண்ட் அடித்தும் திரும்பத் திரும்ப வருகிறது. கொடைக்கானலில் என் தோழி. பழைய விறகடுப்புச் சமையலறையைச் சீசனுக்கு முன்னால் தங்கும் அறையாக மாற்ற நினைக்கிறாள். துடைக்கலாமா, கழுவலாமா, மேலே பெயிண்ட் அடித்து மறைத்துவிடலாமா என்பதுதான் மூவரும் கேட்டது. மூவருக்கும் நான் சொன்ன பதில் வேறு வேறு.

கறை எவ்வளவு கறுப்பு என்பதை வைத்து முடிவெடுக்காதீர்கள். அதற்கு அடியில் என்ன சுவர், என்ன பூச்சு, எவ்வளவு ஓதம் என்று பார்த்து எடுங்கள். இதை நான் கற்றுக்கொண்டது பணம் கொடுத்து. எட்டு வருடத்துக்கு முன் எங்கள் வீட்டுச் சிம்னிக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்கு இருந்த கரியை, பாத்திரம் துடைக்கும் ஈரத்துணியால் ஒரே இழுப்பாக இழுத்தேன். சாம்பல் நிறத்தில் லேசாக இருந்தது, முழ நீளத்துக்கு மை பூசிய மாதிரி ஆனது. தேய்க்கத் தேய்க்க உள்ளே போனது. கடைசியில் அந்தச் சுவர் முழுவதற்கும் பெயிண்டரைக் கூப்பிட வேண்டியிருந்தது.

## முடிவெடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

அது கரிதானா? மலையில் சுவரில் தெரியும் கறுப்பெல்லாம் கரி இல்லை. பாதி பூஞ்சணம். உலர்ந்த வெள்ளைப் பருத்தித் துணியை விரலில் சுற்றி, அழுத்தாமல் ஒரு முறை தொட்டு எடுங்கள். கரியாக இருந்தால் துணியில் கறுப்பாக ஒட்டும், சுவரிலும் லேசாக இழுபடும். பூஞ்சணம் உலர்துணியில் அவ்வளவு சுலபமாக வராது. புள்ளிப் புள்ளியாக, வட்டம் வட்டமாக இருக்கும், முகர்ந்தால் மக்கிய வாடை. சந்தேகம் தீரவில்லை என்றால் தண்ணீர் கலந்த பிளீச்சிங் திரவத்தை ஒரு சொட்டு வையுங்கள். ஓரிரு நிமிடத்தில் வெளுத்தால் பூஞ்சணம். அப்படியே கறுப்பாக நின்றால் கரி. டீ சிந்திக் காய்ந்த மாதிரி விளிம்பு கட்டிய பழுப்பு வட்டம் என்றால் கூரை ஒழுகுகிறது; அதற்குக் கூரை ஓடு, ஷீட் வேலை பார்க்கிறவரைக் கூப்பிடுங்கள்.

இன்னொரு ரகம் உண்டு. கூரையில் சட்டம் போகும் இடமெல்லாம் நேர்கோடாகக் கறுத்திருக்கும், ஆணி அடித்த இடத்தில் எல்லாம் பொட்டு வைத்த மாதிரி இருக்கும். யாரோ பேய் பிடித்த வீடு என்று சொன்னதாகக்கூட ஒரு கதை கேட்டேன். விஷயம் எளிது. மிதக்கும் கரித்துகள் சூடான காற்றிலிருந்து குளிர்ந்த பரப்பை நோக்கி நகர்ந்து ஒட்டும் இயல்புடையது. அறைக்குள் நெருப்பு, வெளியே உறைபனி என்று இருக்கும் வீட்டில், எங்கே சுவரும் கூரையும் அதிகம் குளிர்கிறதோ அங்கேதான் கரி முதலில் உட்காரும். வெளிச்சுவர் மூலைகள், ஆணித்தலைகள், அலமாரிக்குப் பின்பக்கம் எல்லாம் கறுப்பதற்கு இதுதான் காரணம். மூலையில் கறுப்பு நூல் தொங்கினால் அது சிலந்தி வலையாகவே இருக்க வேண்டும் என்றில்லை, கரித்துகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டும் அப்படித் தொங்கும். நாம் இரண்டையும் ஒட்டடை என்றே சொல்லி, ஒட்டடைக் குச்சியால் அடித்து, சுவர் முழுக்கக் கோடு இழுத்துவிடுகிறோம்.

எந்தப் புகை? மெழுகுவத்தி, சாம்பிராணி, மண்ணெண்ணெய் விளக்கு, மஞ்சளாக எரியும் கேஸ் இவற்றின் கரி பெரும்பாலும் மெல்லிய தூள். சமையல் எண்ணெய் சேர்ந்தால் பிசுக்கும் கூடும். ஈர விறகின் புகை வேறு ஜாதி. அதில் தாரும் உண்டு. விரலில் ஒட்டும், பழுப்பாக இருக்கும், மழைக்காலத்தில் வாடை கிளம்பும். சீகையோ (வாட்டில்) கற்பூர மரமோ (யூகலிப்டஸ்), வெட்டிய சில வாரத்திலேயே எரிக்கிறவர்கள் வீட்டில் இதைத்தான் பார்க்கலாம்.

சுவரில் என்ன பூச்சு? விரலை நனைத்துச் சுவரில் தேயுங்கள். வெள்ளையாக மாவு வந்தால் சுண்ணாம்பு அல்லது டிஸ்டெம்பர். தண்ணீர் முத்து முத்தாக நின்றால் எனாமல், அதாவது எண்ணெய்ப் பெயிண்ட். இரண்டும் இல்லாமல் வழுவழுப்பாக இருந்தால் எமல்ஷனாக, அதாவது தண்ணீரில் கரைக்கும் பெயிண்டாக இருக்கும்.

ஓதம் உண்டா? ஓரடிச் சதுரப் பாலித்தீனை நான்கு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். உள்பக்கம் வியர்த்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. வெளிப்பக்கம் வியர்த்தால் அறைக் காற்றின் ஈரம்.

அப்புறம், வீடு யாருடையது, மாதம் எது என்பதும். இவை சின்ன விஷயம் போலத் தெரியும். ஆனால் ஜூலையில் ஊட்டியில் அடித்த பெயிண்டும் பிப்ரவரியில் அடித்த பெயிண்டும் ஒன்றல்ல.

## ஒரே பார்வையில்

| வழி | ஏற்ற கரி | ஏற்ற சுவர் | கண்ணில் படாத செலவு | கறை திரும்புமா |
|---|---|---|---|---|
| உலர் துடைப்பு | தூள் கரி | எல்லாச் சுவரும், பலகை மச்சும் | நேரம், தோள்வலி, ஸ்பாஞ்ச் வீணாவது | தூள் கரி என்றால் இல்லை |
| சோப்பு, சோடாத் தண்ணீர் | எண்ணெய்ப் பிசுக்குக் கரி | எனாமல், நல்ல எமல்ஷன் | அலசும் வேலை, வழிந்த கோடுகள் | தார் ஊறியிருந்தால் நிழலாக நிற்கும் |
| சுண்ணாம்பு | லேசான கரி, துடைத்த பின் | பழைய கல், மண், சுண்ணாம்புக் காரைச் சுவர் | சில வருடத்துக்கு ஒருமுறை அடிப்பது | தார்க்கறை மெல்ல எட்டிப் பார்க்கும் |
| ஆயில் பிரைமர் அல்லது அரக்கு, மேலே எமல்ஷன் | தார்க்கறை | உலர்ந்த சிமெண்ட் பூச்சு | வாடை, காயும் நாட்கள், ஓதம் உள்ளே மாட்டிக்கொள்வது | உலர்ந்த சுவரில் இல்லை |
| காரையை உடைத்துப் புதிதாகப் பூசுவது | சுவருக்குள் ஊறிய தார் | சிம்னி போகும் சுவர் | தூசி, கொத்தனார் கூலி, ஆறவிடும் காலம் | சிம்னி சரியானால் இல்லை |

எந்த வழியில் இறங்குவதானாலும் புகை எங்கிருந்து வருகிறது என்று முதலில் பாருங்கள். சிம்னி இழுக்கிறதா என்று ஒரு காகிதத்தைக் கொளுத்திக் கூண்டுக்குள் காட்டினாலே தெரியும். புகை மேலே போகாமல் அறைக்குள் திரும்பினால் குழாயில் பறவைக் கூடோ பழைய கரியோ அடைத்திருக்கலாம். விறகைக் கூரைக்குக் கீழே ஆறு மாதமாவது, முடிந்தால் ஒரு வருடம் காயவிடுங்கள். நன்றாகக் காய்ந்த விறகின் நுனி வெடித்திருக்கும், இரண்டைத் தட்டினால் கணீரென்று கேட்கும்.

கேஸ் அடுப்புக்கும் இது பொருந்தும். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய முக்கால் பங்குதான், அதனால் ஒரு மூச்சுக் காற்றில் கிடைக்கும் ஆக்சிஜனும் அவ்வளவே. சமவெளிக்கு ஏற்றபடி காற்று அளவு வைத்த பர்னர் இங்கே மஞ்சளாக எரிய வாய்ப்பு அதிகம். மஞ்சள் சுடர்தான் பாத்திரத்தின் அடியையும் கூரையையும் கறுப்பாக்குகிறது. பர்னர் துளையைச் சுத்தம் செய்து, காற்று வழியைச் சரிசெய்து, சுடர் நீலமான பிறகு கூரையில் கை வையுங்கள். கதவை அடைத்துக்கொண்டு கரிக்குமுட்டி வைக்கும் பழக்கம் இருந்தால் சுவரை மறந்துவிட்டு முதலில் குமுட்டியை வெளியே வையுங்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும்.

## உலர் துடைப்பு

நான் எந்தச் சுவரிலும் இதில்தான் ஆரம்பிப்பேன். இதற்கென்றே ரப்பர் ஸ்பாஞ்ச் இருக்கிறது. பார்க்கப் பெரிய அழிரப்பர் மாதிரி, பஞ்சு போல அமுங்கும். எங்கள் ஊர்க் கடைகளில் கேட்டால் பாத்திர ஸ்பாஞ்சை நீட்டுகிறார்கள், ஆன்லைனில்தான் வாங்க முடிந்தது. தண்ணீர் தொடக்கூடாது. மேலிருந்து கீழாக, ஒரே திசையில், ஒரு இழுப்பு. எடுத்துப் பாருங்கள்: ஸ்பாஞ்சின் முகம் கறுத்திருக்கும், சுவரில் அந்த அகலத்துக்கு ஒரு வெளிச்சப் பட்டை தெரியும். அடுத்த இழுப்புக்கு ஸ்பாஞ்சைத் திருப்பிச் சுத்தமான பக்கத்தை வையுங்கள். நான்கு பக்கமும் கறுத்ததும் கழுவாதீர்கள். கத்தியால் மேல் தோலை மெல்லச் சீவினால் உள்ளே புதிய முகம் கிடைக்கும். பத்துக்குப் பத்து அறையின் கூரைக்கு எனக்கு இரண்டு ஸ்பாஞ்சும் ஒரு முழு நாளும் ஆனது. மறுநாள் தலை வார கையைத் தூக்க முடியவில்லை.

ஸ்பாஞ்ச் இல்லாத காலத்தில் மாவுதான் இந்த வேலையைச் செய்தது. அமெரிக்காவில் நிலக்கரி அடுப்பு எரிந்த வீடுகளில், சுவர்க் காகிதத்தில் படிந்த கரியை ஒற்றி எடுக்க மாவில் செய்த ஒரு உருண்டை விற்றார்கள். எண்ணெயும் கேஸும் வந்து கரி குறைந்ததும் அதை வாங்க ஆள் இல்லாமல் போனது. அதையே குழந்தைகள் விளையாட 1956-ல் ப்ளே-டோ என்று பெயர் மாற்றி விட்டார்கள். இதைப் படித்துவிட்டு நானும் கோதுமை மாவில் உப்புப் போட்டுக் கெட்டியாகப் பிசைந்து ஒற்றிப் பார்த்தேன். கரி வரத்தான் செய்தது. ஆனால் நம் மலை ஈரத்தில் சுவரில் தங்கும் மாவு பூஞ்சணத்துக்கு விருந்து, எறும்பும் வரும். சின்ன இடம், உடனே செய்தாக வேண்டும் என்றால் மட்டும், அதுவும் முடிந்ததும் மெல்லிய பிரஷால் தட்டிவிட வேண்டும்.

வேக்கம் கிளீனர் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். சாதாரண வடிகட்டியில் இந்த நுண்ணிய தூள் நிற்காது. முன்னால் இழுத்துப் பின்னால் ஊதிவிடும், சோபாவும் கறுக்கும். ஹெப்பா வடிகட்டி இருந்தால் மட்டும், பிரஷ் முனை சுவரைத் தொட்டும் தொடாமலும் ஓட்டுங்கள். மூக்கில் என்95 மாஸ்க் கட்டாயம்.

விறகுத் தாருக்கு இந்த வழி பத்தாது. மேலே இருக்கும் தூளை எடுக்கும், பழுப்பை எடுக்காது. ஆனாலும் மேல் தூளை எடுக்காமல் அடுத்த வழிக்குப் போனால் எனக்கு நடந்ததுதான் உங்களுக்கும் நடக்கும்.

## சோப்பும் சோடாவும்

வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் கழுவும் திரவம் கொஞ்சம். பிசுக்கு அதிகம் என்றால் லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடா. சமையல் சோடாவை எடுத்துவிடாதீர்கள். அதற்கு அவ்வளவு காரம் இல்லை. கையுறை போடுங்கள். மெயின் சுவிட்சை அணையுங்கள். இரண்டு பக்கெட் வையுங்கள், ஒன்று சோடாவுக்கு, ஒன்று அலச.

கழுவும்போது கீழிருந்து மேலே போக வேண்டும். முதலில் கேட்டபோது எனக்கும் தலைகீழாகத்தான் பட்டது. மேலிருந்து ஆரம்பித்தால் கறுப்புத் தண்ணீர் உலர்ந்த அழுக்குச் சுவரில் வழிந்து கோடு போடும். அந்தக் கோடு பிறகு எவ்வளவு தேய்த்தாலும் போகாது. கீழே ஏற்கெனவே நனைந்து சுத்தமான சுவரில் வழிந்தால் துடைத்தால் போய்விடும்.

சோடாவை நன்றாக அலசாமல் விட்டால் அதன் மேல் அடிக்கும் பெயிண்ட் பிடிக்காது. அலுமினிய ஜன்னல் சட்டத்தில் பட்டால் மங்கிவிடும். சுண்ணாம்பு, டிஸ்டெம்பர் சுவரில் இந்த வழியை நினைக்கவே வேண்டாம். கரியோடு பூச்சும் கூழாகக் கையில் வரும். பூஞ்சணத்துக்கு வைத்த பிளீச்சிங் திரவத்தை இதோடு கலக்காதீர்கள். வினிகர், கழிவறை ஆசிட் இவற்றோடு பிளீச்சிங் சேர்ந்தால் விஷ வாயு வரும்.

எண்ணெயும் புகையும் சேர்ந்த சமையலறைக் கூரைக்கும் எனாமல் அடித்த சுவருக்கும் இதைவிட மலிவான, நல்ல வழி இல்லை. மழை மாதத்தில் மட்டும் வேண்டாம். காய்வதற்குள் பூஞ்சணம் பிடித்துவிடும்.

## சுண்ணாம்பு

பழைய வீடுகளுக்கு என் ஓட்டு இதற்குத்தான். கல்லும் மண்ணும் சுண்ணாம்புக் காரையும் வைத்துக் கட்டிய சுவர் மூச்சு விடும். மழையில் குடித்த ஈரத்தை வெயிலில் வெளியே விடும். சுண்ணாம்புப் பூச்சு அந்த மூச்சை அடைக்காது. காரத்தன்மை உள்ளதால் பூஞ்சணமும் அவ்வளவு சீக்கிரம் பிடிக்காது. பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடித்த நம் பாட்டிமார் வீட்டில் அடுப்படிச் சுவர் அவ்வளவு மோசமாக இல்லாததற்கு இந்த வருடாந்திரப் பூச்சே காரணம்.

குறையும் சொல்லிவிடுகிறேன். ஒரு கோட்டில் மறையாது; மூன்று அடிக்க வேண்டும், ஒவ்வொன்றும் மெல்லியதாக, ஒவ்வொன்றுக்கும் நடுவே காயவிட்டு. அடித்த அன்று ஒன்றுமே மறையாத மாதிரி இருக்கும், காயக் காயத்தான் வெளுக்கும். சாய்ந்து உட்கார்ந்தால் சட்டையில் ஒட்டும். கண்ணில் தெறித்தால் பொசுக்கும், கண்ணாடி போட்டுக்கொண்டு அடியுங்கள். விறகுத் தார் ஊறிய இடத்தில் பழுப்பு மெல்ல மேலே வரும். சுண்ணாம்பு தண்ணீரில் கரைத்த பூச்சு, தாரில் இருக்கும் பழுப்பும் தண்ணீரோடு நகர்வது. இரண்டும் சேர்ந்து மேலே வந்துவிடுகின்றன.

இன்னொரு மறைமுகச் செலவு ஆள். எமல்ஷன் அடிக்க ஊருக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள். சுண்ணாம்பை ஊறவைத்து, வடிகட்டி, பதம் பார்த்து அடிக்கத் தெரிந்தவர் குறைந்துவிட்டார்.

## ஆயில் பிரைமரும் அரக்கும்

கடையில் போய்க் கரிக்கறை என்று சொன்னால் பெரும்பாலும் கையில் வருவது இதுதான். சில சமயம் பெயிண்டர் இதையும் சொல்லமாட்டார்.

“அக்கா, ரெண்டு கோட் எமல்ஷன் இழுத்தா மறைஞ்சிடும்க்கா. எதுக்கு பிரைமரெல்லாம்?”

மறைந்தது, ஜூன் வரைக்கும். ஜூலையில் சிம்னிச் சுவரில் டீ நிறத்தில் ஒரு மேகம் வந்தது. மூன்றாவது கோட் அடித்தோம். செப்டம்பரில் மேகம் அதே இடத்தில், அதே வடிவத்தில். எமல்ஷனும் தண்ணீரில் கரைத்ததுதான், அதனால் தார்ப் பழுப்பு அதில் நனைந்து மேலேறிவிடுகிறது. டர்பன்டைன் கலக்கும் ஆயில் பிரைமரோ ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கோ நடுவே ஒரு கோட் இருந்தால் அந்தப் பழுப்பு அங்கேயே நின்றுவிடும். தச்சர்கள் மேஜைக்கு அடிக்கும் பிரெஞ்சு பாலிஷில் இருக்கும் அதே அரக்குதான். புகை வாடையையும் அடைப்பதில் அரக்கை மிஞ்ச ஒன்றும் இல்லை என்பது என் அனுபவம்.

இதன் செலவு டப்பாவின் விலையில் தெரியாது. ஆயில் பிரைமர் வாடை குளிருக்கு அடைத்த வீட்டில் நாள்கணக்கில் நிற்கும். அரக்கு சீக்கிரம் காயும், ஆனால் ஸ்பிரிட் ஆவி சட்டென்று பற்றும். பக்கத்தில் சிம்னியோ சாமி விளக்கோ எரியக்கூடாது. மேகம் இறங்கும் நாளில் அரக்கு அடித்தால் காயும்போதே பால் ஊற்றின மாதிரி வெளுக்கும். எமல்ஷனுக்கும் 10 டிகிரிக்குக் கீழே போகும் இரவுகள் ஆகாது. ஊட்டியில் டிசம்பர், ஜனவரியில் சாயங்காலம் அடித்த பெயிண்ட் காய்ந்தும் காயாமலும் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன்.

பெரிய செலவு ஓதச் சுவரில் வரும். மூச்சு விடும் சுவருக்கு முன்னால் எண்ணெய்த் தோலை ஒட்டினால் ஈரம் உள்ளே மாட்டிக்கொள்ளும். ஒரு மழைக்காலம் கழித்துக் கொப்புளம் கிளம்பும், விரலால் அழுத்தினால் பெயிண்டும் காரையும் சேர்ந்து தோசை மாதிரி உரிந்து வரும். உரிந்த இடத்தில் உப்பு பூத்திருக்கும். பாலித்தீன் சோதனையில் உள்பக்கம் வியர்த்த சுவருக்கு இதை நான் ஒருபோதும் சொல்லமாட்டேன், கடைக்காரர் எவ்வளவு சொன்னாலும்.

உப்புத்தாள் போடும்முன் இன்னும் ஒன்று. வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்-ஐ (பத்து லட்சத்தில் 90 பங்கை) தாண்டக்கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமல் என்றால் உலர்வாகத் தேய்க்காதீர்கள், குழந்தை இருக்கும் வீட்டில் கண்டிப்பாக வேண்டாம். நனைத்துத் தேய்த்து, வழிந்த கூழைத் துணியில் எடுத்துக் கட்டிப் போடுங்கள்.

## காரையை உடைப்பது, மூடுவது, விட்டுவிடுவது

சிம்னிக் குழாய் போகும் சுவரில் கறை வருடா வருடம் மழையோடு வந்து வெயிலோடு மங்குகிறது என்றால் அது அறையின் புகை இல்லை. குழாயின் உள்பூச்சு வெடித்து, தாரும் உப்பும் செங்கல் வழியாக ஊறி வெளியே வருகிறது. அந்த உப்பு காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும். மேலே எதை அடித்தாலும் வீண். கறைக்கு அப்பால் ஓரடி வரை காரையைக் கொத்தி எடுத்து, குழாயின் வெடிப்பை அடைத்துச் சரிசெய்து, புதிதாகப் பூச வேண்டும். பழைய வீட்டில் சுண்ணாம்புக் காரையே. அதைப் பல வாரம் ஆறவிட்டு அப்புறம்தான் வெள்ளையடிப்பு. பணம் அதிகம், தூசி அதைவிட அதிகம். ஆனால் நான்கு முறை அடித்த பெயிண்ட் செலவைக் கூட்டிப் பாருங்கள்.

ஜிப்சம் பலகை போட்டு மூடுவது சீசனுக்கு முன் லாட்ஜ்காரர்கள் செய்வது. ஓதமில்லாத கூரைக்குச் சரி, சுவருக்கு வேண்டாம்.

விட்டுவிடுவதும் ஒரு வழிதான். கொடைக்கானல் மேல்மலைப் பக்கம் பூண்டுக்குப் புகை போடும் பரண் வைத்த வீடுகளில், அடுப்புக்கு மேலே சட்டமெல்லாம் வார்னிஷ் அடித்த மாதிரி கறுத்து மினுங்கும். கையில் ஒட்டாத, கெட்டியான, காய்ந்த கறுப்பு. அதைச் சுரண்டினால் மரம்தான் கெடும்.

## கூரைக்குத் தனியாக

சிமெண்ட் ஷீட் கூரை என்றால் நில்லுங்கள். பழைய சிமெண்ட் ஷீட்டுகளில் கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். உலர்ந்த பிரஷ், உப்புத்தாள், சுரண்டி எதுவும் ஆகாது. அந்த நார் நுரையீரலில் போனால் வெளியே வராது. பிசிறோ விரிசலோ இல்லாத ஷீட் என்றால் ஈரத்துணியால் மெல்ல ஒற்றி, மேலே ஒரு கோட் பெயிண்ட் அடித்துவிடுவதோடு நிறுத்துங்கள்.

பலகை மச்சுக்கு உலர் துடைப்பு. பாலிஷ் போட்ட பலகை என்றால், அப்புறம் பிழிந்த துணியில் துளி சோப்பு, உடனே உலர்துணி. பாலிஷ் இல்லாத பலகையில் தண்ணீர் பட்டால் கரி மர நாருக்குள் இறங்கிவிடும்.

## அந்த மூன்று வீடுகள்

ஊட்டித் தம்பிக்கு: பர்னரைச் சரிசெய்ததும் உலர் துடைப்பு, மறுநாள் சோடாத் தண்ணீர். எமல்ஷன் கூரை என்பதால் தாங்கியது. அடுப்புக்கு நேர் மேலே மட்டும் லேசான நிழல் நின்றது. அந்த இரண்டடிக்குப் பெயிண்ட் தொட்டுவைக்க நினைத்தார், நான் தடுத்தேன். பழைய வெள்ளையில் புது வெள்ளை பளிச்சென்று தனியாகத் தெரியும், வீட்டுக்காரர் கண் நேரே அங்கேதான் போகும். அடிப்பதானால் கூரை முழுதும், இல்லையென்றால் விட்டுவிடுவது. அவர் விட்டுவிட்டார்.

குன்னூர்ப் பெரியம்மாவுக்கு: காரையை உடைப்பது. பாலித்தீன் உள்பக்கம் வியர்த்தது, கறை மழையோடு வருகிறது, வேறு பேச்சே இல்லை. எங்கள் வட்டாரத்தில் குன்னூர், கோத்தகிரிப் பக்கம் அக்டோபருக்கு மேல் வடகிழக்குப் பருவமழை நன்றாகவே பெய்யும் என்பதால் வேலையைப் பிப்ரவரி, மார்ச்சில் முடிக்கச் சொன்னேன். வயதான மேஸ்திரி ஒருவர் வந்து சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, “நாலு வாட்டி பெயிண்டு அடிச்சீங்களாம்மா? செவுரு மூச்சுத் திணறிக் கெடக்குது” என்றார். அந்த நான்கு கோட்டும் முதல் கொத்திலேயே பாளம் பாளமாக விழுந்தன.

கொடைக்கானல் தோழிக்குத்தான் நாள் அதிகம் ஆனது. சீசன் நெருங்கினால் மலையில் பெயிண்டர் கிடைப்பது குதிரைக்கொம்பு, அதனால் மார்ச்சிலேயே பிடித்துவிட்டாள். பலகை மச்சுக்கு உலர் துடைப்பு. சிமெண்ட் பூச்சுச் சுவரில் பாலித்தீன் உலர்ந்தே இருந்தது, அதனால் அரக்கு ஒரு கோட், மேலே எமல்ஷன் இரண்டு. மூன்று நாள் ஜன்னலைத் திறந்தே போட்டாள், அந்த அறையில் யாரும் தூங்கவில்லை. விறகடுப்பு இருந்த மாடத்தின் உள்செங்கலையும் வெள்ளையாக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். கம்பி பிரஷால் தூளை மட்டும் தட்டிவிட்டு, கறுப்பை அப்படியே வைத்து, முன்னால் ஒரு பித்தளைக் குத்துவிளக்கை வைக்கச் சொன்னேன். விளக்கை ஏற்றுவதில்லை. ஏற்றினால் மறுபடி மேலே கறுக்கும்.